என் தாடையை உடைத்த மாமாங்கம்

என் தாடையின் இடப்பக்கத்தில் ஒரு தகடும் நாலு திருகாணியும் இருக்கின்றன. அவற்றைப் போட வைத்த மனிதரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அவர் பெயர் மாமாங்கம். நல்ல மனிதர் என்று தொடங்கினால் பொய். கெட்ட மனிதர் என்றால் அதைவிடப் பெரிய பொய்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் இராசரத்தினம். யாழ்ப்பாணத்தில் நீர்ப்பாசனத் திணைக்களத்து இஞ்சினியராக இருந்தேன். ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில், ஒரு கட்டடத்துக்குச் செக்கியூரிட்டி. இந்த இரண்டு வசனங்களுக்கும் நடுவில் எவ்வளவு அவமானம் கிடக்கிறது என்று இங்கே வந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதற்கு மருந்தாக எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர் பதவி எனக்கு இருந்தது. ஐந்து வருசமாக நான்தான் தலைவர். வேறு ஒருவரும் போட்டியிடவில்லை என்பதை மற்றவர்கள் சொல்ல முதல் நானே சொல்லிவிடுகிறேன்.

1994 கோடையில் எங்கள் சங்கத்து ஒன்றுகூடலில் ஒரு குடும்பஸ்தர் ஏரியில் தாண்டு மூழ்கிச் செத்துப்போனார். ஏரி என்றால் நம் குளம் என்று நினைத்து இறங்கியவர். அடுத்த வசந்தத்தில் ஸ்காபரோ ஏரிக்கரை உயிர்காப்புக் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. உங்கள் ஆட்களில் ஐந்து பேர் வாருங்கள், அலைப்படகு ஓட்டவும் ஆளைத் தூக்கவும் சும்மா பழக்கிவிடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள். உயிர்காப்பதில் எனக்குப் பெரிய ஆசை இருக்கவில்லை. தமிழ்ப் பேப்பரில் படம் வரும் என்ற ஆசை இருந்தது.

அலைப்படகு என்பது அலை உடையும் கரையிலிருந்து நேராக அலைக்குள் ஏறிப் போகும் படகு. நாலு பேர் பின்பக்கம் பார்த்து இருந்து ஆளுக்கொரு நீளத் துடுப்பை இழுப்பார்கள். ஐந்தாமவர் படகின் பின்முனையில் முன்னுக்குப் பார்த்து எழுந்து நின்று, ஆளைப்போல மூன்று மடங்கு நீளமான துடுப்பால் படகைத் திருப்புவார். இழுப்பவர்களுக்குப் போகிற இடம் தெரியாது. நிற்பவர் சொல்வதுதான் சட்டம்.

இப்படிப்பட்ட இடத்துக்கு ஆளைத் தெரிவுசெய்ய நாங்கள் என்ன செய்தோம்? ஞாயிறு காலை செயலாளர் பேரின்பம் குடியிருந்த கட்டடத்தின் பேஸ்மென்றில் நிர்வாகக் கூட்டம் கூட்டினோம். பின்துடுப்பு: தலைவர். அதற்கு முன்னால் துணைத் தலைவர், பிறகு செயலாளர், மற்றவர்கள் வரிசைப்படி. ஏகமனதாக நிறைவேறி, கூட்டக் குறிப்பிலும் எழுதப்பட்டது. ஒருவராவது, "எங்களில ஆருக்குக் கடல் தெரியும்?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கேட்டவருக்கு மரியாதை தெரியாது என்று நான் சொல்லியிருப்பேன்.

முதல் நாளுக்கு முன்பே துணைத் தலைவர் முதுகுவலி என்று கழன்றுவிட்டார். மிஞ்சியது செயலாளர் பேரின்பம், இறைச்சிக் கடையில் வேலை செய்யும் சீமோன், என் சிநேகிதரின் மகனும் யூனிவர்சிற்றியில் படிக்கிறவனுமான ராகுலன். ஒரு ஆள் குறைவு.

"எங்கட பில்டிங்கில ஒரு மட்டக்களப்பான் இருக்கிறான், அண்ணை," என்றார் பேரின்பம். "கடல்காரன். கோழிக் கொம்பனியில வேலை. ஆனா ஆள் கொஞ்சம் கை நீட்டுற சாதி."

அப்படித்தான் மாமாங்கம் வந்தார். நாற்பது வயது. கட்டை ஆள். கழுத்து என்று தனியாக ஒன்று இல்லை, தலை நேரே தோளில் இருந்தது. நாவலடிக் கடற்கரையில் வாடி என்ற மீன்குடிசை போட்டு, உடைகிற அலைக்குள் தோணி தள்ளி வளர்ந்தவர். 1990இல் ஒரு காலை தோணி கரைக்குத் திரும்பியபோது கரையில் நின்ற துவக்குக்காரர் சுட்டார்கள். இரண்டு தம்பிமாரும் தோணிக்குள்ளேயே முடிந்தார்கள். அவர்களுக்குக் கீழே மத்தியானம்வரை அசையாமல் கிடந்து தப்பியவர் இவர். இதையெல்லாம் அவர் எனக்குச் சொல்லவில்லை, பேரின்பம்தான் சொன்னார். மனைவி தவமலரும் இரண்டு பெட்டைப் பிள்ளைகளும் இன்னும் ஊரில்தான் இருந்தார்கள். இவருடைய அகதி வழக்கு முடிந்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம்.

அந்த வழக்குத்தான் கழுத்தில் கத்தியாகத் தொங்கியது. கோழிக் கொம்பனியில் ஒரு போர்மன் பகிடியாக வெட்டின கோழிக்காலை இவர் முகத்தில் எறிந்திருக்கிறான். இவர் அவனுடைய மூக்கை உடைத்துவிட்டார். நீதிமன்றம் ஒரு வருசத்துக்கு நன்னடத்தைப் பிணையில் விட்டது. "இந்த வருசம் முடிய முதல் இன்னொருத்தனில உங்கட கை பட்டா கேஸ் கந்தல்," என்று லோயர் சொல்லியிருந்தார். "மனிசி இஞ்ச வரமாட்டா. நீங்கதான் அங்க போவியள்." வருசம் மார்கழியில் முடியும். நாங்கள் படகில் ஏறியது வைகாசியில்.

முதல் நாளே மாமாங்கம் என்னிடம் வந்தார்.

"அண்ணே, எனக்குக் கோவம் வந்தா என்னோட கதைக்காதீங்க. தள்ளிப் போயிருங்க. நானா வருவன்."

"உனக்கென்னத்துக்கு இஞ்ச கோவம் வரப்போகுது?" என்றேன். அப்போது அவரை நான் நீ என்றுதான் சொன்னேன்.

எங்களைப் பழக்கியவர் வேரோனிக்கா. ஆஸ்திரேலியாக்காரி, ஐம்பது தாண்டியவர், சிரிப்பு என்றால் என்ன என்று தெரியாதவர். முதல் கிழமை எங்களை ஏரி அடித்துத் துவைத்தது. ஒன்ராறியோ ஏரியைக் கரையில் நின்று பார்த்தால் சாது. கிழக்குக் காற்றுக்கு அது எழும்பினால் அலைகள் கிட்டக் கிட்ட, செங்குத்தாக வந்து மோதும், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் மூச்சு வாங்க விடாது. துடுப்புப் பிடி திரும்பி வந்து ராகுலனின் முன்பல்லைக் கொண்டுபோனது. பேரின்பத்தின் சுண்டுவிரல் உடைந்தது. இருக்கையில் தேய்ந்து எல்லாருக்கும் குண்டித்தோல் உரிந்து, சீமோனின் காற்சட்டை ரத்தத்தில் ஒட்டிப்பிடித்து, அதைப் பிய்த்தெடுத்தபோது அவர் போட்ட சத்தத்துக்கு நாய்கள் குரைத்தன. என்னைப் பின்துடுப்பு நெஞ்சில் அடித்துத் தண்ணீருக்குள் எறிந்தது மூன்று தடவை. விலா எலும்பு நீலம் பாரித்துப்போய் இருமவே பயமாக இருந்தது.

மாமாங்கத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். அவருடைய இருக்கை எனக்கு நேரே முன்னால். நான் நின்றுகொண்டு கட்டளையிட, அவர் இருந்துகொண்டு என் முகத்தைப் பார்த்தபடி இழுப்பார். அலை வர முதலே அவருடைய உடம்புக்குத் தெரிந்துவிடும். நான் பிழையாகத் திருப்பும்போது வாய் திறக்கமாட்டார், கண் மட்டும் ஒருமுறை சுருங்கும். அந்தக் கண்சுருக்கத்துக்கு நான் பட்ட எரிச்சலை என் வாழ்நாளில் எந்த மேலதிகாரியிடமும் பட்டதில்லை.

மூன்றாம் நாள் வேரோனிக்கா எங்களைக் கரையில் நிற்பாட்டி, மாமாங்கத்தைக் கையால் காட்டி, இந்த ஆள்தான் பின்துடுப்புப் பிடிக்க வேண்டும், நீ இறங்கி இழு என்று எனக்குச் சொன்னார். மாமாங்கத்துக்கு இங்கிலீஷ் வராது.

"என்னவாம், அண்ணே?" என்று கேட்டார்.

"நீ நல்லா இழுக்கிறியாம். இப்பிடியே இழுக்கட்டாம்," என்றேன்.

அவருடைய முகம் மலர்ந்தது. வேரோனிக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் வேரோனிக்காவிடம் திரும்பி, அவருக்கு அந்தப் பொறுப்பு விருப்பமில்லையாம் என்றேன். ராகுலனுக்கு இரண்டு பாசையும் தெரியும். அவன் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்பாவின் சிநேகிதரை, சங்கத் தலைவரை, நாலு பேருக்கு முன்னால் பொய்யன் என்று எப்படிச் சொல்வான்? நாங்கள் பிள்ளைகளை அப்படி வளர்க்கவில்லை. அதை நினைத்து அன்றைக்கு எனக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆடி மாதம் சாமான் அறையில் சீமோன் வாயைக் கொடுத்தார். அன்றைக்குப் படகு இரண்டு தரம் பிரண்டு, எல்லாரும் அரைவாசி ஏரியைக் குடித்திருந்தோம். குற்றம் என்னுடையது. அதை என்னிடம் சொல்ல முடியாதபடியால் சீமோன் மாமாங்கத்தில் பாய்ந்தார். மட்டக்களப்பார் வீட்டுக்கு வந்தவர்களை மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்பது எங்கள் பக்கத்துப் பழைய நக்கல்.

"என்னடா, உங்கட ஊர் மந்திரம் எங்க? பாயில ஆக்களை ஒட்டவைக்கிற நீங்கள், உந்த அலையை ஒருக்கா ஒட்டவையன் பாப்பம்! தோணிக்காரனாம். தம்பிமாரையே தோணியில வைச்சுக் காப்பாத்தேலாதவன்."

மாமாங்கம் எழும்பினார். சீமோனின் முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்த இரும்பு லொக்கரில் முதல் குத்து விழுந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அதிலேயே விழுந்தன. கதவு உள்ளே மடிந்து, விரல்முட்டுகள் பிளந்து, வெள்ளையாக எலும்பு தெரிந்தது. சீமோன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

"உன்னில படேல்ல," என்றார் மாமாங்கம், மூச்சிரைக்க. "எல்லாரும் பாத்தீங்கதானே? இவன்ட மேல படேல்ல. மார்கழி முடியட்டும்."

பிறகு அந்த இரத்தக் கையைத் துவாயில் சுற்றிக்கொண்டு வெளியே போய் மணலில் இருந்தார். ஒரு மணித்தியாலம் ஒருவரும் கிட்டப் போகவில்லை. லொக்கருக்கு நான் கழகத்தில் மன்னிப்புக் கேட்டேன், தானாக விழுந்தது என்று சொல்லி. இப்படி நன்றாகவே பொய் சொல்லப் பழகியிருந்தேன்.

பழகின குழுக்களுக்கெல்லாம் கழகம் வைத்த படகுப் போட்டி புரட்டாதி இரண்டாவது சனிக்கிழமை. விடிந்ததிலிருந்து கிழக்குக் காற்று. கரையில் நின்றால் மண் கண்ணில் அடித்தது. புதிய குழுக்கள் விலகலாம், ஒருவரும் குறையாக நினைக்கமாட்டார்கள் என்று வேரோனிக்கா சொன்னார். சங்கத்து ஆட்கள் அறுபது பேர், ரோல்ஸும் பிளாஸ்கில் தேத்தண்ணியுமாக வந்திருந்தார்கள். தமிழ்ப் பேப்பர்காரரும் கமராவோடு நின்றார். போகிறோம் என்று நான் கையெழுத்துப் போட்டேன்.

"அண்ணே, இண்டைக்கு நான் ஒருக்காத் தண்டு பிடிக்கட்டா?" என்று மாமாங்கம் மெல்லக் கேட்டார். துடுப்பை அவர் தண்டு என்றுதான் சொல்வார். "வெள்ளைக்காரி என்னத்தச் சொல்லுமோ தெரியா. கேட்டுப் பாருங்களன்."

"அவ ஓமெண்டாலும் நான் விடன். போய் இரு."

கண் சுருங்கியது. போய் இருந்தார்.

போவது எப்படியோ போய்விட்டோம். அலை முன்னாலிருந்து வரும்போது எனக்குத் தெரிந்தது, படகின் மூக்கை அதற்கு நேரே வைத்திருந்தால் போதும். மிதவையைச் சுற்றித் திரும்பினோம். இனி அலை பின்னாலிருந்து வரும். எனக்குக் கரை தெரியும், அறுபது பேர் தெரியும், கமரா தெரியும். என் முதுகுக்குப் பின்னால் எழும்புவது எனக்குத் தெரியாது. அது மாமாங்கத்துக்குத்தான் தெரியும்.

"அண்ணே, பெரிசு ஒண்டு வருது. இழுக்கச் சொல்லாதீங்க. அதக் கீழால போக விடுங்க."

பக்கத்துப் படகு எங்களை முந்திக்கொண்டிருந்தது.

"இழுங்கோ!" என்று கத்தினேன்.

இழுத்தார்கள். படகு அலையின் முகத்தில் ஏறி, மூக்கைக் கீழே குத்தி, ஓடத் தொடங்கியது. அந்த வேகத்தை நான் ஒருநாளும் கண்டதில்லை. சந்தோசத்தில் கூவினேன் என்று நினைக்கிறேன். மறுகணம் படகு பக்கவாட்டில் இழுபட்டது. பேரின்பத்தின் துடுப்பு தண்ணீரில் மாட்டி, பிடி அவருடைய வயிற்றில் இடித்து, அவர் சத்தமில்லாமல் மடிந்தார். ராகுலன் பறந்து வந்து சீமோனின் முழங்காலில் முகம் அடிபட்டு விழுந்தான். படகின் அடியில் தேங்கிய தண்ணீர் சிவந்தது. அந்த அலை எங்களைப் பிரட்டாமல் போனது தற்செயல். படகு அலைகளுக்குக் குறுக்கே கிடந்தது. அடுத்தது இன்னும் பெரிதாக எழும்பிக்கொண்டிருந்தது.

பின்துடுப்பை நான் மற்றப் பக்கம் தள்ள வேண்டும். இதைப் படித்திருந்தேன், வேரோனிக்கா நூறு தரம் சொல்லியிருந்தார். கை அசையவில்லை. இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்து என் பக்கமே இழுத்துக்கொண்டு நின்றேன். படகு இன்னும் குறுக்கே திரும்பியது.

மாமாங்கம் எழும்பிவிட்டார். "விடுங்க அண்ணே!"

நான் விடவில்லை.

"விடுங்க! எல்லாரும் சாகப்போறம்!"

"நீ ஆரடா எனக்குச் சொல்ல!" என்றேன். சாகிற நேரத்தில் ஒரு இஞ்சினியரின் வாயில் வந்தது அதுதான்.

அவர் ஒரு கணம் தன் வலது கையைப் பார்த்தார். விரல்முட்டுத் தழும்புகள் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தன. அந்த ஒரு கணத்தில் தவமலரும் பிள்ளைகளும் மார்கழியும் எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். பிறகு அடித்தார். எனக்குள்ளே எலும்பு முறிகிற சத்தம் காதுக்கு வெளியிலிருந்து வராமல் உள்ளேயிருந்து வந்தது. வாய்க்குள் பல்லும் இரத்தமும் நிறைய, நான் பின்னுக்குப் போய் ஏரிக்குள் விழுந்தேன்.

தண்ணீருக்குள்ளிருந்து ஒருமுறை மேலே வந்தபோது கண்டேன். அவர் என் இடத்தில் நின்றார். துடுப்பை நெஞ்சில் வைத்து உடம்பையே எறிந்து தள்ள, அந்தப் பாரமான படகு முழுசாகத் திரும்பி, அலைக்கு முகம் கொடுத்து, வானத்தைப் பார்த்து எழும்பி, மற்றப் பக்கத்தில் தட்டென்று விழுந்தது. மூன்று பேரும் உள்ளேதான் இருந்தார்கள். பிறகு, இதைத்தான் ஒருவரும் நம்புவதில்லை, படகை எனக்காகத் திருப்பிக்கொண்டு வந்தார். தூசணத்தால் ஏசி ஏசி சீமோனை இழுக்கவைத்தார். கிட்ட வந்ததும் குனிந்து என் தலைமயிரைப் பிடித்தார். நான் பயத்தில் அவருடைய கழுத்தைக் கட்டித் தண்ணீருக்குள் இழுத்தேன். முழங்கையால் மூக்கில் இன்னொன்று தந்துவிட்டு, என்னை மூட்டையாகப் படகுக்குள் போட்டார். கரைக்கு அவர்தான் கொண்டுவந்து சேர்த்தார். ஐந்து பேரும் உயிரோடு வந்தோம்.

ஆனால் கரையில் நின்ற முந்நூறு பேருக்குத் தெரிந்தது வேறு. ஒருவன் இன்னொருவனை அடித்துத் தண்ணீருக்குள் தள்ளினான். யாரோ பொலிசைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் என் வாயைக் கட்டியிருந்தார்கள். பொலிஸ்காரர் ஒரு தாளும் பேனாவும் தந்து, என்ன நடந்தது என்று எழுதச் சொன்னார். அடி வாங்கியவனின் கோபம் எனக்குள் கொதித்தது, அதை மறைக்க மாட்டேன். உள்ளே போகட்டும் என்று நினைத்தேன். அதற்கும் மேலால் ஒன்று நினைத்தேன்: மட்டக்களப்பானிடம் அடி வாங்கின தலைவர் என்று சங்கம் முழுக்கச் சிரிக்கும். கடைசியில் நான் எழுதியது: அலை அடித்தபோது அவர் துடுப்பைப் பிடித்தார், துடுப்பு தவறி என் முகத்தில் பட்டது, விபத்து. அவரைக் காப்பாற்ற வேண்டும் என்று பாதி, என் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று பாதி. எந்தப் பாதி பெரிது என்று கேட்காதீர்கள்.

பொலிஸ்காரர் வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவருக்கும் வேலை மிச்சம். கதவு திறந்தபடி இருந்தது. நடைபாதையில் மாமாங்கம் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்தார், பக்கத்தில் முகம் வீங்கிய ராகுலன். நான் எழுதியதைச் சரிபார்க்கப் பொலிஸ்காரர் மாமாங்கத்தைக் கேட்டார், ராகுலன் தமிழில் சொன்னான்.

"அங்கிள் சொல்லுறார், நீங்கள் பிடிச்ச தண்டு தவறித் தன்னில பட்டதாம். அக்சிடென்ராம். ஓமெண்டு மட்டும் சொல்லுங்கோ."

"என்னது?" மாமாங்கம் எழும்பினார். "என்ட கையில இருந்த தண்டு தவறினதா?"

"ஓமெண்டு சொல்லுங்கோ, பிளீஸ்."

"டேய், பதினொரு வயசில இருந்து தண்டு பிடிக்கன். ஒருத்தன்ட மயிரிலகூடப் பட்டதில்ல. சொல்லு அவனுக்கு!"

ராகுலன் பொலிஸ்காரரின் பக்கம் திரும்பினான். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று மாமாங்கத்துக்குப் பிடிபட்டுவிட்டது போல. பொலிஸ்காரருக்கு முன்னால் போய் நின்று, கையை முட்டியாக்கி உயர்த்திக் காட்டி, தனக்குத் தெரிந்த இங்கிலீசில் தானே சொன்னார்.

"நோ ஓர். மீ. ஹேண்ட்." துடுப்பு இல்லை, நான், என் கை.

நான் கட்டிலிலிருந்து கத்தப் பார்த்தேன். கட்டின வாயால் மாடு முனகுவதுபோல் ஒரு சத்தம்தான் வந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் லோயர் சொன்னபடியே நடந்தது. உயிரைக் காப்பாற்றத்தான் அடித்தார் என்று வேரோனிக்கா வந்து சாட்சி சொன்னார். சீமோனும் அழுது அழுது சொன்னார். வாய்க்கட்டு அவிழ்த்த கையோடு நானும் போய்ச் சொன்னேன், முதலில் ஏன் வேறு மாதிரி எழுதினாய் என்று கேட்டார்கள். போர்மனின் உடைந்த மூக்கும் என் உடைந்த தாடையும் குடிவரவுக்காரரின் கோப்பில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை தடுப்பு நிலையத்துக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமாங்கம் இருந்தார். மெலிந்திருந்தார், கழுத்து தெரிந்தது. போனை எடுத்தோம்.

"ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?" என்று கேட்டேன். முதல்தரமாக நீங்கள் என்றேன். "நான்தான் எழுதிக் குடுத்தனே. ஓமெண்டு ஒரு சொல்லு. மனிசி பிள்ளையள் இஞ்ச வந்திருப்பினம்."

அவர் கோபிக்கவில்லை. எனக்கு விளங்காது என்று நினைத்தாரோ என்னவோ, ஆறுதலாகச் சொன்னார்.

"அண்ணே, தண்டு தவறிப்போச்செண்டு நீங்க எழுதிக் குடுத்திட்டீங்க. அது அந்த வெள்ளைக்காரிட காதுக்குப் போகும்தானே. பிறகு அவ என்னைத் தண்டு பிடிக்க விடுவாவா? நான் நல்லா இழுக்கன் எண்டு அவ சொன்னவ. இன்னும் ஒரு வருசம் இழுத்தா, ஒருநாளைக்கு விடுவா எண்டுதான் பாத்துக்கொண்டு இருந்தன்."

என்னிடம் சொல்வதற்கு ஒரு வசனம் இருந்தது. மூன்றாம் நாளே அவ உங்களைத்தான் கேட்டவ. ஒன்பது மாதமாக என் வாயில் கிடந்த வசனம். போனைக் காதில் வைத்தபடி அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று காவலாளி வந்து சொல்லும்வரை நான் அதைச் சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.